தமிழ்ப் பக்கத்தை ஒழுங்கு செய்வது எப்படி: இடைவெளி, ஒற்று, புள்ளி, மேற்கோள்

முதல் நூலையோ கோயில் மலரையோ சங்கத்தின் ஆண்டிதழையோ பக்கமாக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் எழுத்துருவில் தொடங்குகிறார்கள். தலைப்புக்கு எது, அட்டைக்கு எது என்று அரை நாள் போய்விடும். அச்சாகி வந்தபின் கண்ணை உறுத்துபவை வேறு. காற்புள்ளிக்கு முன்னால் கிடக்கும் இடைவெளி, வரித் தொடக்கத்தில் தனியே நிற்கும் ‘ன்’, ஒரு பக்கத்தில் ‘1978ல்’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘1978-இல்’ என்றும் வரும் ஆண்டு. இவற்றைத் திருத்த ஒரு வரிசை உண்டு. கோப்பைச் சலிப்பது முதலில், சொற்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும் அடுத்து, பிறகு குறிகள், கடைசியில்தான் பக்கம். வரிசையை மாற்றினால் பக்கம் கட்டிய பிறகு சொல் சேர்ந்து வரி ஓடும், செய்த வேலையையே மறுபடி செய்ய வேண்டிவரும்.

ஓலையில் நிறுத்தக்குறி கிடையாது. மெய்க்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் இடுவதில்லை, எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். அச்சு வந்தபின்தான் இவையெல்லாம் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்ற பதிப்பாளர்கள் உரைநடையில் குறிகளை ஒழுங்காக இட்டுப் பழக்கினார்கள். குறிகள் வெளியிலிருந்து வந்தவை என்பதால், ஆங்கிலப் பாடநூலின் விதியை அப்படியே தமிழில் பொருத்தினால் பல இடங்களில் இடறும். கீழே வருபவை தமிழ் வாக்கியத்தின் போக்கை ஒட்டியவை. சிலவற்றில் மாற்றுக் கருத்து உண்டு. எதை ஏற்றாலும் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரை அதையே பின்பற்றுங்கள்.

தொடங்குமுன் ஒரு தாள்

பத்துப் பன்னிரண்டு முடிவுகளை ஒரே தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆண்டோடு உருபு எப்படிச் சேரும், தலைப்பெழுத்துகளுக்கு இடையே இடைவெளி உண்டா, கட்சிப் பெயர் தி.மு.க.வா திமுகவா, நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோளா தடித்த எழுத்தா, எத்தனைவரை எண்ணை எழுத்தால் எழுதுவது, ‘இலங்கை’ போல ‘இலட்சம்’ என்றா வெறும் ‘லட்சம்’ என்றா. இருவர் சேர்ந்து வேலை செய்தால் இந்தத் தாள் இல்லாமல் ஒரு பக்கம்கூடத் திறக்க வேண்டாம்.

கோப்பைச் சலித்தல்

மூலக் கோப்பைப் பிரதி எடுத்து ஒதுக்கி வையுங்கள். பிரதியில் மட்டும் கை வையுங்கள்.

வேர்டிலோ லிப்ரெ ஆபிஸிலோ தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, இரண்டு இடைவெளியைத் தேடி ஒன்றாக மாற்றுங்கள். ‘0 மாற்றங்கள்’ என்று வரும்வரை திரும்பத் திரும்ப. பின்பு இடைவெளியும் காற்புள்ளியும், இடைவெளியும் முற்றுப்புள்ளியும், இடைவெளியும் வினாக்குறியும், தொடக்க அடைப்பும் இடைவெளியும் என்று ஒவ்வொரு இணையாகத் தேடி இடைவெளியை நீக்குங்கள். குறிக்கு முன் இடைவெளி இல்லை, குறிக்குப் பின் ஒன்று. அவ்வளவுதான் விதி. பத்தித் தொடக்கத்தில் இடைவெளிப் பட்டையைத் தட்டி உள்ளே தள்ளியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அந்த வேலையைப் பத்தி அமைப்பு செய்யும்.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியிருந்தால் தனிக் கவனம் வேண்டும். பாமினி என்னும் பழைய எழுத்துருவில் காற்புள்ளி விசையில் இருப்பது இகரம். கோப்பின் நடுவே ஆங்கில எழுத்துருவில் அடித்த தொகை இருந்தால் மாற்றும் மென்பொருளுக்கு அது தெரியாது, ‘1,50,000’ என்பது ‘1இ50இ000’ ஆகிவிடும். எண்ணுக்குப் பின் ஒட்டி நிற்கும் ‘இ’யைத் தேடுங்கள். அதே நேரம் ‘1978இல்’ போன்றவையும் அகப்படும், ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும்.

அடுத்தது ஔகாரம். ‘கௌரவம்’ என்பதைப் பலர் ஒற்றைக் கொம்பும் ககரமும் ளகரமும் சேர்த்து ‘கெளரவம்’ என்று அடிக்கிறார்கள். திரையில் வேறுபாடு தெரியாது. தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் இடம் மாறும். ‘ஒளவை’யும் இப்படித்தான், சரியானது ‘ஔவை’. இதைத் திருத்தும்போது ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானைத் தொடாதீர்கள். கொம்பையும் ளகரத்தையும் தேடி ஔகாரக் குறியாக மாற்றச் சொன்னால், ‘வெள்ளை’, ‘தெளிவு’, ‘கெளுத்தி’ எல்லாவற்றிலும் அது புகுந்துவிடும். ‘தெளிவு’ என்ற சொல்லில் ளகரம் போய், அதன்மேல் இருந்த விசிறி (இகரக் குறி) மட்டும் புள்ளி வட்டத்தோடு அந்தரத்தில் தொங்கும். கௌரவம், கௌதமன், மௌனம், சௌகரியம், பௌர்ணமி, யௌவனம் என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுவதே பாதுகாப்பு. மொத்தம் இருபது சொற்களுக்கு மேல் வராது.

காலுக்குப் பதில் ரகரம், எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ௭, உகரத்துக்குப் பதில் ௨ ஆகியவையும் கண்ணை ஏய்ப்பவை. ஐயம் வந்தால் அந்த எழுத்தை மட்டும் அழித்துப் புதிதாக அடியுங்கள். ‘ரிக்‌ஷா’வில் க்ஷகரமாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையில் கண்ணுக்குத் தெரியாத பிரிப்பான் ஒன்றைப் போடுவார்கள். அது சில இடத்தில் இருந்து சில இடத்தில் இல்லாமல் போனால், ஒரே சொல் இரண்டாகக் கணக்கிடப்படும்.

இடைவெளிதான் முதல் நிறுத்தக்குறி

இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்.

அவன் தான் செய்ததை ஒப்புக்கொண்டான்.
அவன்தான் செய்ததை ஒப்புக்கொண்டான்.

முதல் வரியில் செய்தவனும் ஒப்புக்கொண்டவனும் ஒருவனே. இரண்டாவதில் பலரில் இவன் ஒருவன்தான் ஒப்புக்கொண்டான். எழுத்தில் மாற்றம் எதுவும் இல்லை, ஓர் இடைவெளிதான். புதியவர்கள் புள்ளிக்கும் கோட்டுக்கும் படும் பாட்டில் பாதியை இங்கே பட்டால் போதும்.

துணைவினைக்கு ஒரு சோதனை உண்டு. இரண்டாம் வினை தன் சொந்தப் பொருளில் நிற்கிறதா என்று கேளுங்கள். ‘கன்றை அவிழ்த்து விட்டான்’ என்றால் அவிழ்த்தான், பிறகு போக விட்டான். இரண்டு செயல், இரண்டு சொல். ‘முடிச்சை அவிழ்த்துவிட்டான்’ என்றால் செயல் முடிந்தது என்ற குறிப்பு மட்டுமே, ஆகவே ஒரே சொல். பார்த்துக்கொண்டான், எழுதிவைத்தார், வந்திருக்கிறாள், தூங்கிப்போனான் எல்லாம் இப்படியே சேரும். ‘சொன்னபடி’ சேரும், பிரித்தால் யாரோ சொன்ன வாசற்படி ஆகிவிடும். வந்தபோது, அதற்குள், அவன்கூட, மலைபோல என்பவையும் சேர்த்தே.

சேர்த்துக்கொண்டே போனால் ‘செய்துகொண்டிருந்திருக்கக்கூடும்’ வரைக்கும் போகும். குறுகிய பத்தியில் அது ஒரு வரியையே விழுங்கும். இப்படிப்பட்ட நீளச் சொல்லில் ஓர் இடத்தில் மட்டும் பிரிக்கலாம்: ‘செய்துகொண்டிருந்திருக்கக் கூடும்’. பிரிக்கும் இடத்தில் ஒற்று முன்சொல்லோடு நிற்க வேண்டும்.

ஒற்றும் காற்புள்ளியும்

ஒரே இடத்தில் இரண்டும் நிற்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஒற்று மிகுவது இரு சொல்லும் ஒரே மூச்சில் சேர்வதால். காற்புள்ளி அந்த மூச்சை நிறுத்துகிறது.

எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பினான்.
எழுந்து, குளித்து, சாப்பிட்டுக் கிளம்பினான்.
எழுந்து குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பினான்.

மூன்றும் சரி. காற்புள்ளி போன இடத்தில் ஒற்று வந்திருப்பதைக் கவனியுங்கள். (‘எழுந்து’ மென்தொடர் என்பதால் அங்கே மிகவில்லை.) ‘குளித்துச், சாப்பிட்டு’ என்பது பிழை. திருத்தும்போது காற்புள்ளியை எடுத்தவர் ஒற்றைப் போட மறந்துவிடுவது, காற்புள்ளியைச் சேர்த்தவர் ஒற்றை எடுக்க மறந்துவிடுவது, இவை இரண்டும்தான் மெய்ப்பில் (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படியில்) மிகுதியாக அகப்படும். கோப்பில் க், ச், த், ப் ஒவ்வொன்றுக்கும் பின்னால் காற்புள்ளி இருக்கிறதா என்று நான்கு முறை தேடினால் இரண்டாவது வகை முழுக்கச் சிக்கும். முதல் வகைக்குக் கண்தான் கருவி. அடைப்புக்குறியும் இதே விதிக்குள் வரும்: ‘வாரியத்துக்கு (தலைமையகம்) கடிதம் எழுதினார்’ என்பதில் ‘வாரியத்துக்கு’ என்பதோடு ஒற்று வராது.

காற்புள்ளி எங்கே தேவையில்லை என்பது எங்கே தேவை என்பதைவிடப் பெரிய பட்டியல். உம்மை அடுக்கி வரும்போது வேண்டாம்: ‘அண்ணனும் தம்பியும் அத்தையும் வந்தார்கள்’. இணைக்கும் வேலையை உம் செய்துவிட்டது. ‘கத்தரி, வெண்டை, முருங்கை ஆகிய’ என்பதில் ‘ஆகிய’வுக்கு முன் வேண்டாம். ‘என்று’, ‘என’ என்பவற்றுக்கு முன் ஒருபோதும் வேண்டாம். ‘ஆனால்’, ‘எனவே’, ‘ஆகவே’ என்று வாக்கியம் தொடங்கினால் உடனே காற்புள்ளி இடுவது கை பழகிப்போன ஆங்கில வழக்கம்; எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், எதுவும் குறையாது. எழுவாய்க்குப் பின் காற்புள்ளி போடுவது செய்தித்தாள் வழக்கு. எழுவாய் ஒன்றரை வரி நீண்டு வாசகர் தடுமாறும் இடத்தைத் தவிர மற்ற இடங்களில் அது எழுவாயைப் பயனிலையிலிருந்து வெட்டுகிறது.

தேவையான இடம் விளி: ‘தம்பி, இங்கே வா’. இன்னொன்று அடைமொழி எதைத் தழுவுகிறது என்ற குழப்பம். ‘பழைய புத்தகக் கடை’யில் பழையது புத்தகமா கடையா? கடைதான் பழையது என்றால் ‘பழைய, புத்தகக் கடை’ என்று எழுதலாம். அதைவிட ‘புத்தகக் கடை பழையது’ என்று வாக்கியத்தையே மாற்றுவது மேல். குறியால் தாங்கிப்பிடிக்க வேண்டிய வாக்கியம் பெரும்பாலும் மாற்றி எழுத வேண்டிய வாக்கியம்தான்.

அரைப்புள்ளியை இப்போது யாரும் சீண்டுவதில்லை. ஒன்றையொன்று தாங்கும் இரு முழு வாக்கியங்களுக்கு இடையே அது நன்றாகவே பொருந்தும். பக்கத்துக்கு ஒன்றிரண்டு போதும். வியப்புக்குறி ஓர் இடத்தில் ஒன்று. இரண்டு மூன்று போட்டு வரும் கோப்பில் முதலில் ஒன்றாகக் குறையுங்கள், அடுத்த வாசிப்பில் அந்த ஒன்றும் தேவையா என்று பாருங்கள். முப்புள்ளிக்கு மூன்று புள்ளி. இரண்டும் தவறு, ஆறும் தவறு.

மேற்கோள்

நேராக நிற்கும் குறி ("), வளைந்த குறி (“ ”) இரண்டும் ஒரே நூலில் கலந்து கிடப்பது, இணையத்திலிருந்து ஒட்டிய கட்டுரைகளின் அடையாளம். வேர்டில் தானியங்கி வடிவமைப்பில் வளைகுறி மாற்றத்தை இயக்கிவிட்டு, தேடும் கட்டத்திலும் மாற்றும் கட்டத்திலும் அதே நேர்குறியை இட்டு எல்லாவற்றையும் மாற்றினால் அனைத்தும் வளைந்துவிடும். கோட்டுக்குப் பின்னால் வரும் தொடக்கக் குறி மட்டும் திரும்பிக்கொள்ளும், அதைக் கையால் திருத்துங்கள். விண்டோஸில் ஆங்கில விசைப்பலகைக்கு மாறி, ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 0147 அடித்தால் “, 0148 அடித்தால் ”, 0145க்கு ‘, 0146க்கு ’, 0150க்குச் சிறு இடைக்கோடு, 0133க்கு முப்புள்ளி. கைப்பேசியில் மேற்கோள் விசையை அழுத்திப் பிடித்தால் வளைகுறிகள் மேலே தோன்றும்.

பேச்சுக்கு இரட்டை, பேச்சுக்குள் பேச்சுக்கு ஒற்றை, சொல்லைச் சுட்டவும் ஒற்றை. தமிழில் ‘என்றான்’ கடைசியில் வருவதால் முற்றுப்புள்ளி எங்கே என்ற கேள்வி எழுகிறது.

“நாளை வருகிறேன்” என்றான்.
“மழை வரும்போல இருக்கிறது. நாளை வருகிறேன்” என்றான்.
“நாளை வருவாயா?” என்று கேட்டான்.
நாளை வருவாயா என்று கேட்டான்.
அவன் சொன்னது இதுதான்: “நாளை வருகிறேன்.”

பேச்சின் கடைசிப் புள்ளி உதிரும், வினாக்குறியும் வியப்புக்குறியும் தங்கும். ‘வருகிறேன்,” என்றான்’ என்று உள்ளே காற்புள்ளி இடும் வழக்கும் புனைகதைகளில் பரவலாக உண்டு. ‘என்று’ என்பதே பேச்சை வாக்கியத்தோடு கட்டும் கயிறு, அதற்குமேல் ஒரு குறி மிகை என்பது எங்கள் கருத்து. பேச்சு பல பத்திகளுக்கு நீண்டால் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறங்கள், கடைசிப் பத்தியில் மட்டும் மூடுங்கள்.

உருபு சேரும்போதுதான் சங்கடம். ‘பசி’யைப் பற்றி என்று யகர உடம்படுமெய்யோடு எழுதுவது எளிது. ‘கல்’லுக்கு ஐ சேர்த்தால் லகரம் இரட்டித்து, குறி சொல்லை நடுவில் அறுக்கும். ‘வீடு’ இன்னும் மோசம், ‘வீட்டை’ என்று உருவே மாறிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் ‘கல் என்னும் சொல்லை’ என்று ஒரு பொதுச்சொல்லை இடையில் போட்டு நகருங்கள். மேற்கோளுக்கு வெளியே உயிர்க்குறி மட்டும் தனியாக விழுந்தால் புள்ளி வட்டம் தோன்றும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அழுத்தம் கொடுக்கச் சாய்வெழுத்து வேண்டாம். தமிழுக்கெனச் சாய்வு வரைந்த எழுத்துருக்கள் அரிது. பொத்தானை அழுத்தினால் கணினி நேரெழுத்தை இழுத்துச் சாய்க்கிறது, சுழியும் கொம்பும் கோணலாகும். அடிக்கோடும் வேண்டாம், கு, மூ, ழு போன்றவற்றின் கீழ்ப்பகுதியை அது அறுத்துக்கொண்டு போகும்.

எண், ஆண்டு, தலைப்பெழுத்து

1978இல், 15ஆம், 20க்கு, 100க்கும் என்று ஒட்டி எழுதுவது எங்கள் தேர்வு. சிறுகோடு இட்டால் அந்தக் கோட்டில் வரி முறியும். இடைவெளி விட்டால் ‘1978’ மேல் வரியிலும் ‘இல்’ கீழ் வரியிலும் போய் நிற்கும். ‘1978ல்’ பேச்சோசையை ஒட்டியது, உரையாடலில் மட்டும் போதும்.

ஒன்று முதல் பத்துவரை எழுத்தால், அதற்குமேல் எண்ணால். அளவு, விலை, நேரம் எப்போதும் எண்ணால்: 3 கி.மீ., ரூ. 500, காலை 10.30 மணி. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு 1,50,000. இலங்கை, சிங்கப்பூர் வாசகர்களுக்கு 150,000. கால எல்லைக்கு இடைவெளியில்லாத சிறு இடைக்கோடு: 1914–1918. ‘1914–1918வரை’ என்பதில் ‘வரை’ மிகை.

தலைப்பெழுத்துகளை ‘உ.வே. சாமிநாதையர்’ என்பதுபோல எழுத்துகளுக்கு இடையே நெருக்கியும் பெயருக்கு முன் ஓர் இடைவெளி விட்டும் எழுதலாம். அந்த இடைவெளி முறியா இடைவெளியாக (அந்த இடத்தில் வரி முறியாமல் காக்கும் இடைவெளி) இருக்கட்டும், வேர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், இடைவெளிப் பட்டை மூன்றும் சேர்த்து. எண்ணுக்கும் அலகுக்கும் இடையிலும், ‘பக். 45’ போன்றவற்றிலும் அதுவே. சுருக்கப் புள்ளியில் வாக்கியம் முடிந்தால் இன்னொரு புள்ளி வேண்டாம்.

பக்கம் கட்டுதல்

டெமி அளவு (வழக்கமான நூல் அளவு) நூலுக்கு 11 புள்ளி (பாயின்ட்) எழுத்தும் 15 புள்ளி வரி இடைவெளியும் வைத்துத் தொடங்குங்கள். ஆங்கிலத்துக்குப் போதும் 13 புள்ளி தமிழுக்கு நெரியும். மேல் வரியின் ‘ஞூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் ஒன்றையொன்று முட்டும். ‘ஸ்ரீ’, ‘மூழ்கு’, ‘தீர்ப்பு’ வரும் நான்கைந்து வரிகளை அச்சிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள், திரையை நம்பாதீர்கள். எழுத்துருவில் வளைந்த மேற்கோள்களும் முப்புள்ளியும் உண்டா என்றும் அப்போதே பாருங்கள். இல்லையென்றால் மென்பொருள் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும், குறிகள் மட்டும் மெலிந்து தெரியும்.

எழுத்தளவை மாற்றியும் தமிழ் அசையவில்லையா? வேர்டும் லிப்ரெ ஆபிஸும் தமிழைச் சிக்கல் எழுத்துமுறை என்று தனிக் கணக்கில் வைத்திருக்கின்றன. எழுத்துருப் பெட்டியைத் திறந்து அந்தப் பகுதியில் உள்ள அளவையும் மாற்றுங்கள். இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பேராகிராப் பலகையின் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி பேராகிராப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரியை நிரப்ப எழுத்திடைவெளியைக் கூட்டுவது தமிழில் ஆபத்து, ‘கொ’வின் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகி நிற்கும்.

இருபுறமும் சீராக வரி நிரப்பினால், நீளச் சொற்கள் காரணமாக வரிக்குள் வெள்ளை ஓட்டைகள் விழும். வரிக்கு ஐந்து சொல்லுக்குக் குறைவான பத்தியில் இடப்பக்கம் மட்டும் சீராக்குவது நல்லது. சொல்லை முறிக்க நேர்ந்தால் புள்ளி வைத்த மெய் வரியின் தொடக்கத்தில் வரவே கூடாது, முறிவின் இரு பக்கமும் குறைந்தது இரண்டு எழுத்தாவது இருக்க வேண்டும். ‘வந்தா / ன்’ என்பதை மன்னிக்க முடியாது. கவிதையில் சொல்லை முறிக்கவே வேண்டாம். குறள் நான்கு சீரும் மூன்று சீருமாக இரு வரியில் அடங்க வேண்டும், நான்காம் சீர் கீழே விழுந்தால் எழுத்தளவை 0.5 புள்ளி குறையுங்கள் அல்லது உள்தள்ளலைக் குறையுங்கள்.

மெய்ப்பு

தாளில் எடுத்து, மூன்று தனி வாசிப்பு. முதலாவதில் வரிகளின் இரு ஓரத்தையும் மட்டும் பாருங்கள்: தொடக்கத்தில் மெய், மூடும் அடைப்பு, தனித்த உருபு, பத்தியின் கடைசி வரியில் ஒற்றைச் சொல். இரண்டாவதில் மேற்கோளும் அடைப்பும் திறந்து மூடியிருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். மூன்றாவது வாய்விட்டு. ஒற்று விடுபட்ட இடத்தில் நாக்கு தானாகவே ஒற்றைச் சேர்க்கும், அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

அச்சகத்துக்கு வேர்டு கோப்பை அனுப்பாதீர்கள். அங்கே உங்கள் எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று அமர்ந்து வரிகள் முழுதும் ஓடிவிடும். பிடிஎஃப் எடுத்து, அதன் பண்புகளில் எல்லா எழுத்துருவும் உட்பொதிந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். அனுப்பும் பிடிஎஃப் வேறொருவர் கணினியில் எப்படித் தெரிகிறது என்று முதல் பக்கம், ஒரு கவிதைப் பக்கம், அட்டவணை உள்ள பக்கம் மூன்றையாவது திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.